ஒருமுறை சிசேரியன், எப்போதும் சிசேரியனா?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈசூனில் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அக்கா ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். மருத்துவமனையில் கொடுத்த விளக்கத்தாள். அவளுக்கு முதல் பிள்ளை சிசேரியன். இப்போது இரண்டாவது, இருபத்தெட்டு வாரம். இந்த முறை வலி வரட்டும் என்று காத்திருந்து இயல்பாகப் பெற்றுக்கொள்ள முயல்வதா, இல்லை நாள் குறித்து மறுபடியும் ஆப்பரேஷன் செய்துகொள்வதா என்று இன்னும் சில வாரங்களில் சொல்ல வேண்டும். டாக்டர் ரெண்டுமே சரிதான் என்று சொல்லிவிட்டாராம்.

"ரெண்டும் சரின்னா என்னாடா அர்த்தம்? நீதான எஞ்சினியர். படிச்சுச் சொல்லு."

அம்மா சமையலறையில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "ஒரு தடவ கிழிச்சா அப்புறம் கிழிக்கிறதுதான். எங்க காலத்துல அப்படித்தான் சொல்வாங்க."

பெரியம்மா விடவில்லை. அவருக்கு எண்பதுகளில் முதல் பிள்ளை சிசேரியன். "யாரு சொன்னா? எனக்கு ரெண்டாவது தானா வந்துச்சு. மிஸி கூட ஆச்சரியப்பட்டாங்க."

நான் படித்தது கட்டுமானப் பொறியியல். விரிசல் பார்ப்பதும், அது வளருமா வளராதா என்று எழுதிக் கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அன்று இரவே எக்செல் திறந்து உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பதிலை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இயல்பாகப் பெறுவதற்குத் தமிழில் 'சுகப்பிரசவம்' என்று பெயர். சுகம் ஒரு பக்கம் இருந்தால் மற்றது என்னவாக இருக்கும்? அந்தச் சொல்லே எனக்காகப் பாதி முடிவை எடுத்திருந்தது.

ஆனால் எண்களைத் தேடப் போனவன் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். அம்மா சொன்ன விதிக்கு ஒரு பிறந்த ஊரும் பிறந்த ஆண்டும் இருந்தன. பெரியம்மாவின் அனுபவத்துக்கும் ஒரு காரணம் இருந்தது.

தைக்காமல் விட்ட காலம்

வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்து, தாயும் பிழைத்ததாகச் சொல்லப்படும் பழைய கதைகளில் பிரபலமானது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யாக்கோப் நூஃபருடையது. பன்றிகளுக்குக் காயடிப்பது அவர் தொழில். 1500ஆம் ஆண்டு வாக்கில், பல நாள் வலியில் துடித்த தன் மனைவியைத் தானே கிழித்துப் பிள்ளையை எடுத்தாராம். அந்தப் பெண் பிழைத்து, அதன்பின் இரட்டையர் உட்பட மேலும் ஐந்து பிள்ளைகளை இயல்பாகவே பெற்றாராம். சம்பவம் நடந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் எழுத்தில் வருகிறது என்பதால் வரலாற்றாசிரியர்கள் இதை நம்பத் தயங்குகிறார்கள். ஆனாலும் எனக்கு ஒரு விஷயம் பிடித்திருந்தது. சிசேரியன் பற்றிய முதல் கதைகளில் ஒன்றிலேயே 'அதற்கப்புறம் என்ன ஆச்சு' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

நிஜத்தில் அந்தக் கேள்வி எழ வாய்ப்பே குறைவு. பெரும்பாலான தாய்மார்கள் இறந்துபோனார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் இந்த அறுவைக்கு ஆளான பத்துப் பெண்களில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கவில்லை. காரணங்களில் ஒன்றைப் படித்தபோது நான் இரண்டாம் தடவையும் படித்து உறுதிப்படுத்திக்கொண்டேன். கருப்பையைக் கிழித்தவர்கள் அதைத் தைக்கவில்லை! வயிற்றின் மேல்தோலைத் தைத்தார்கள். கருப்பை தானே சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். உள்ளே தையல் போட்டால் பிறகு பிரிக்க முடியாது, அது சீழ் பிடிக்கும் என்ற பயமும் இருந்தது. ரத்தம் உள்ளேயே கசிந்தது, கிருமித்தொற்று பரவியது.

1876இல் இத்தாலியின் பாவியா நகரில் எடுவார்டோ போரோ வேறொரு வழி எடுத்தார். பிள்ளையை எடுத்த கையோடு கருப்பையையும் நீக்கினார். அந்தப் பெண் பிழைத்தார். அடுத்த பிரசவம் என்ற பேச்சே இல்லாமல் போனது. ஆறு வருஷம் கழித்து, 1882இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் சேங்கர் என்ற இளம் மருத்துவர், வெள்ளிக்கம்பியும் பட்டு நூலும் கொண்டு கருப்பையையே அடுக்கடுக்காகத் தைக்கும் முறையை விரிவாக எழுதி வெளியிட்டார். பெண்கள் பிழைக்கத் தொடங்கினார்கள். கருப்பையும் தப்பியது.

அம்மாவின் கேள்வி பிறப்பது இங்கேதான். தாய் பிழைத்து, கருப்பையும் மிஞ்சி, அதில் ஒரு தழும்பும் இருந்தால்தான் 'அடுத்த தடவை என்ன செய்வது?' என்று கேட்க முடியும்.

நியூயார்க்கில் ஒரு வாக்கியம்

1916இல் நியூயார்க்கில் மருத்துவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் எட்வின் கிராகின் பேசினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மகப்பேற்றுப் பேராசிரியர். ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்ற பொருளில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் உலகம் சுற்றியது. எழுபது எண்பது வருஷம் கழித்து எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் அதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் அவர் பேசிய விஷயமே வேறு. மகப்பேற்று மருத்துவத்தில் நிதானம் வேண்டும் என்பதுதான் அந்த உரையின் பொருள். முதல் சிசேரியனை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள், அதன் விளைவு அடுத்தடுத்த பிரசவங்களுக்கும் தொடரும் என்று சக மருத்துவர்களை எச்சரித்தார். அதே மூச்சில், இந்த விதிக்கு விலக்குகள் நிறைய உண்டு என்றும், தான் சிசேரியன் செய்த ஒரு பெண் பிறகு மூன்று பிள்ளைகளை இயல்பாகப் பெற்றார் என்றும் சொன்னார். எச்சரிக்கையும் விலக்கும் உதிர்ந்துபோய், நடுவில் இருந்த விதி மட்டும் மிஞ்சியது.

அந்த விதிக்கு அன்று இரண்டு நியாயங்கள் இருந்தன. முதலாவது, வெட்டின் இடம். அன்றைய 'கிளாசிக்கல்' வெட்டு கருப்பையின் மேல்பகுதியில் நெடுக்காகப் போடப்பட்டது. கருப்பையின் மேல்பகுதி கனமான தசை. பிரசவ வலியின்போது சுருங்கிப் பிள்ளையைக் கீழே தள்ளுவது அதன் வேலை. பிள்ளை பிறந்த பிறகும் அது வேகமாகச் சுருங்கி அசைந்துகொண்டே இருக்கும். அசையும் இடத்தில் போட்ட தையல் நன்றாக ஆறாது. எங்கள் பாஷையில் சொன்னால், அதிகச் சுமை தாங்கும் இடத்தில், அதுவும் சுமைக்குத் தோதில்லாத திசையில் போட்ட ஒட்டு. அப்படிப்பட்ட தழும்பு அடுத்த பிரசவத்தில் கிழிய, நூற்றுக்கு 4 முதல் 9 வரை வாய்ப்பு உண்டு என்று பாடநூல்கள் சொல்கின்றன. வலி தொடங்கும் முன்பேகூடக் கிழியலாம். ரத்த வங்கியும் பெனிசிலினும் இல்லாத 1916இல் கிழிந்தால் அவ்வளவுதான்.

இரண்டாவது, சிசேரியன் செய்யப்பட்ட காரணம். அன்று பெரும்பாலும் இடுப்பெலும்பு குறுகிய பெண்களுக்குத்தான் இந்த அறுவை. பிஞ்சு வயதில் ரிக்கெட்ஸ் வந்து எலும்பு வளைந்தவர்கள். முதல் பிள்ளைக்கு வழிவிடாத எலும்பு இரண்டாவதற்கும் வழிவிடாது.

இந்த இரண்டு நியாயங்களையும் நான் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த அரை நூற்றாண்டில் இரண்டுமே மாறிப்போயின. விதி மட்டும் மாறவில்லை.

வெட்டு கீழே இறங்கியது

கருப்பையின் கீழ்ப்பகுதி மெல்லியது. வலியின்போது அது சுருங்குவதில்லை, விரிந்துகொடுக்கிறது. அங்கே குறுக்காக வெட்டினால் ரத்தப்போக்கு குறைவு, தையல் அமைதியாக ஆறும். 1881லேயே ஹைடல்பர்குக்கு அருகே ஃபெர்டினாண்ட் கேரர் இப்படிச் செய்து பார்த்திருந்தார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1920களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர் இதைப் பிடிவாதமாக எழுதியும் பேசியும் பரப்பினார். 20ஆம் நூற்றாண்டின் நடுவுக்குள் பிரிட்டனில் இதுவே வழக்கமானது. இப்படிப்பட்ட தழும்பு அடுத்த பிரசவ வலியில் கிழியும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

அந்த வெட்டு நம் ஊருக்கு வந்த கதையில் எனக்குத் தெரிந்த ஒரு பெயர் இருந்தது. தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கேகே ஆஸ்பத்திரிதான் அதன் இடம். கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். சிராங்கூன் சாலையில் இந்தியர்கள் மாட்டு வியாபாரம் செய்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். 1924இல் அது மகப்பேற்று மருத்துவமனை ஆனது. 1966இல் ஒரே வருஷத்தில் அங்கே 39,835 பிள்ளைகள் பிறந்து உலக சாதனையாகப் பதிவானது. இதைப் படிப்பவர்களில் பல பேருடைய அப்பா அம்மா அந்தக் கணக்கில் இருக்கக்கூடும்.

ஜப்பானியர் காலத்தில் அங்கே மகப்பேற்றுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர் சிங்கப்பூரிலேயே பிறந்து, இங்கேயே மருத்துவம் படித்த பெஞ்சமின் ஷியர்ஸ். மேல்வெட்டை விட்டுக் கீழ்வெட்டுக்கு மாறும் முறையை இங்கே கொண்டுவந்து நிலைநாட்டியவர் என்று அவரைச் சொல்கிறார்கள். பிறகு பேராசிரியர் ஆனார். 1971இல் சிங்கப்பூரின் இரண்டாவது அதிபர் ஆகி, 1981இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அதே வருஷம் திறக்கப்பட்ட 1.8 கிலோமீட்டர் பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அந்தப் பாலத்தை எங்கள் வகுப்பில் ஒரு பாடமாகவே பார்த்திருக்கிறோம். எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன். அதிபர் என்று தெரியும், டாக்டர் என்றுகூடத் தெரியும். அக்கா வயிற்றில் இருக்கும் தழும்பு ஏன் கீழே குறுக்காக இருக்கிறது என்பதற்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டு என்பது இந்த முப்பது வயதை நெருங்கும்போதுதான் தெரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பு வேறு, கருப்பையில் இருக்கும் தழும்பு வேறு. தோலில் நெடுக்காக வெட்டிவிட்டு, உள்ளே கருப்பையில் குறுக்காக வெட்டியிருக்கலாம். பெரியம்மாவின் வயிற்றில் இருப்பது நெட்டுத் தழும்பு. உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று அவருக்கு இன்று வரை தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அறுவைக்குப் பிறகு மருத்துவர் எழுதி வைக்கும் குறிப்பில் மட்டும்தான் அது இருக்கும்.

ஊசல்

பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல இடங்களிலும் கிராகினின் விதியை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளவில்லை. கீழ்வெட்டு உள்ளவர்களை வலிக்கு விட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில்தான் விதி கல்வெட்டானது. 1970இல் அங்கே நூறு பிரசவங்களில் ஐந்தரை சிசேரியன். 1980இல் பதினாறரை. 1988இல் இருபத்தைந்தைத் தொட்டது. ஒருமுறை செய்தால் எப்போதும் செய்யவேண்டும் என்றால் எண்ணிக்கை கூட்டுவட்டி போல ஏறத்தானே செய்யும்?

1980இல் அமெரிக்க தேசியச் சுகாதாரக் கழகம் நிபுணர்களைக் கூட்டியது. கீழ்வெட்டுத் தழும்பு உள்ள பல பெண்கள் இயல்பாகப் பெற முயலலாம் என்று அந்தக் கூட்டம் சொன்னது. மகப்பேற்று மருத்துவர் கல்லூரியும் 1982லும் 1988லும் வழிகாட்டிகள் வெளியிட்டு ஊக்கப்படுத்தியது. 1996க்குள், முன்பு சிசேரியன் ஆன பெண்களில் 28.3 விழுக்காட்டினர் இயல்பாகப் பெற்றார்கள்.

இதுவரை படித்தபோது எனக்கு ஒரே குஷி. என் எக்செல் ஜெயிக்கிறது! ஆனால் அடுத்த பக்கத்தில் கதை கோணலானது. ஆப்பரேஷன் செலவு அதிகம், இயல்பான பிரசவம் மலிவு. சில காப்பீட்டு நிறுவனங்கள், முயன்று பார்க்காமல் இரண்டாவது சிசேரியனுக்குப் பணம் தரமாட்டோம் என்றன. விருப்பம் கட்டாயமானது. முயலக்கூடாதவர்களும் முயன்றார்கள். வலியைத் தூண்ட மருந்துகள் தாராளமாகப் பயன்பட்டன. கருப்பை கிழிந்த சம்பவங்கள் நீதிமன்றத்துக்குப் போயின.

1999இல் மருத்துவர் கல்லூரி தன் வழிகாட்டியில் ஒரு சொல்லை மாற்றியது. அவசர அறுவைக்கான குழு 'எளிதில் வரக்கூடிய' நிலையில் இருந்தால் போதும் என்று முன்பு இருந்தது. அது 'உடனடியாகக் கிடைக்கும்' நிலையில் இருக்கவேண்டும் என்று ஆனது. இருபத்துநாலு மணி நேரமும் மயக்க மருந்து நிபுணரை வைத்திருக்க முடியாத சிறிய மருத்துவமனைகள் பலவும் 'இனி இங்கே முயற்சி கிடையாது' என்று கதவை மூடின. ஒப்பந்த ஆவணத்தில் ஒரு வார்த்தை மாறினால் முழுக் கட்டுமானமும் மாறும் என்று எங்கள் மேலாளர் அடிக்கடி சொல்வார். இங்கே கண்ணால் பார்த்தேன்.

2001இல் வாஷிங்டன் மாநிலத்தில் 20,095 பெண்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. வலியே வராமல் அறுவைக்குப் போனவர்களில் கருப்பை கிழிந்தது ஆயிரத்துக்கு 1.6. தானாக வலி வந்தவர்களில் 5.2. புராஸ்டகிளான்டின் என்ற மருந்தால் வலி தூண்டப்பட்டவர்களில் 24.5. ஒரே தழும்புதான். வலி எப்படித் தொடங்கியது என்பதைப் பொறுத்து ஆபத்து ஐந்து மடங்கு மாறுகிறது. பத்திரிகைத் தலைப்புகளில் இந்த வித்தியாசம் வரவில்லை, ஆபத்து என்பது மட்டும் வந்தது. 2006இல் 28.3 விழுக்காடு 8.5ஆக இறங்கியிருந்தது.

2010இல் மறுபடியும் நிபுணர்களைக் கூட்டினார்கள். கீழே குறுக்குவெட்டு ஒன்று மட்டும் உள்ள பல பெண்களுக்கு, முயன்று பார்ப்பது நியாயமான தேர்வு என்று அந்தக் கூட்டம் சொன்னது. முப்பது வருஷத்துக்கு முன் சொன்னதற்கு வெகு பக்கத்தில் வந்து நின்றார்கள். இடைப்பட்ட காலத்தில் பிள்ளை பெற்றவர்கள், ஊசல் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் பெற்றார்கள்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

அக்காவின் தாளில் இருந்த எண்கள் பலவும் 2004இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வோடு ஒத்துப்போயின. அமெரிக்காவில் 19 மருத்துவமனைகள். முயன்றவர்கள் 17,898 பேர், நாள் குறித்து அறுவை செய்துகொண்டவர்கள் 15,801 பேர். முயன்றவர்களில் 73.4 விழுக்காட்டினருக்கு இயல்பாகவே பிறந்தது. கருப்பை கிழிந்தது 124 பேருக்கு, அதாவது ஆயிரத்துக்கு ஏழு. ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் முயன்றவர்களில் 12. மறுபக்கம் ஒன்றுகூட இல்லை. தாய்மார்களில் இறந்தவர்கள் முயன்ற பக்கம் மூன்று, அறுவைப் பக்கம் ஏழு. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான்.

வேலையில் நாங்கள் ஆயிரத்துக்கு ஏழு என்ற எண்ணைப் பார்த்தால் பாதுகாப்புக் காரணி எவ்வளவு என்று கேட்போம். இங்கே அப்படிக் கேட்க முடியவில்லை. ஒரு பக்கத் தட்டில் குழந்தைக்கு வரும், மிக அரிதான ஆனால் திரும்பப் பெறமுடியாத ஆபத்து. மறுபக்கத் தட்டில் தாய்க்கு மெதுவாகச் சேரும் ஆபத்து. ஒவ்வொரு சிசேரியனும் இன்னொரு தழும்பு. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அந்தத் தழும்பில் போய் வேர்விட்டால் பிரிக்க முடியாமல் ரத்தம் கொட்டும், கருப்பையையே எடுக்கவேண்டி வரும். 2006இல் வந்த ஆய்வில், இரண்டாவது சிசேரியனின்போது இப்படி ஆனவர்கள் ஆயிரத்துக்கு மூன்று. நாலாவதில் இருபத்தொன்று. ஆறாவதில் அறுபத்தேழு.

அதாவது, இன்னும் எத்தனை பிள்ளை வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்தக் கணக்கே முடியாது. சிங்கப்பூரில் அந்தப் பதிலைக்கூட ரொம்ப நாள் அரசாங்கம்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 1972இல் 'இரண்டு போதும்'. 1987இல் 'முடிந்தால் மூன்று, அதற்கு மேலும்'. இரண்டோடு நிறுத்துகிறவருக்கு இரண்டாவது சிசேரியனின் நீண்டகால விலை சின்னது. நாலு பெற நினைப்பவருக்குப் பெரிது.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். முயன்றால் வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் ஒரு கணிப்பான் இணையத்தில் இருக்கிறது. 2007இல் வந்த அதன் முதல் வடிவத்தில் வயது, உடல் எடைக் குறியீடு இவற்றோடு 'கறுப்பினத்தவரா?', 'ஹிஸ்பானியரா?' என்றும் இரண்டு கேள்விகள். ஆம் என்று தொட்டால் வாய்ப்பு குறைந்துவிடும். மற்ற எல்லாமே அப்படியே இருக்கும், தோல் மட்டும் மாறும், எண் இறங்கும்! அந்த எண்ணைப் பார்த்து டாக்டர் ஆலோசனை சொல்வார். முன்பு அந்தப் பெண்களை எப்படி நடத்தினார்களோ அதன் பதிவுதான் தரவு. அதையே அவர்கள் உடம்பின் குணமாக மாற்றிச் சூத்திரத்தில் எழுதிவிட்டார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2021இல் இனக் கேள்வி இல்லாத வடிவம் வந்தது. தினமும் சூத்திரத்தை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

அக்காவின் கணக்கு

இரண்டு வாரம் கழித்து என் எக்செலைக் காட்டினேன். பச்சை, சிவப்பு எல்லாம் போட்டு அழகாக இருந்தது. "நாலுல மூணு பேருக்குத் தானா பொறக்குது. முயற்சி பண்ணலாம்," என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த நாலு பேரும் யாருடா? எல்லாரும் என்ன மாதிரியா?"

அங்கேதான் என் தவறு தெரிந்தது. சராசரியை எடுத்து அக்கா மேல் ஒட்டியிருந்தேன். அதே 2004 ஆய்வுக் குழு பிறகு பிரித்துக் காட்டியிருக்கிறது. முதல் சிசேரியன், பிள்ளை தலைகீழாகத் திரும்பாததால் செய்யப்பட்டது என்றால், அடுத்த முறை நூற்றுக்கு 84 பேருக்கு இயல்பாகப் பிறக்கிறது. வலி வந்தும் முன்னேறாமல் நின்றதால் செய்யப்பட்டது என்றால் 64. பெரியம்மாவின் மூத்த பிள்ளை கால்பக்கமாக இருந்தவன். அக்காவோ பத்தொன்பது மணி நேரம் வலியில் கிடந்து, வாய் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் திறக்காமல் நின்றவள். காரணம் திரும்ப வருமா என்ற கிராகினின் இரண்டாவது கேள்வி, நூறு வருஷம் கழித்தும் உயிரோடு இருக்கிறது. முயன்று முடியாமல், வலி பாதியில் அவசர அறுவைக்குப் போகிறவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம் என்பதையும் நான் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன்.

64 என்பதும் பாதிக்கு மேல்தான் என்று இழுத்தேன்.

"தம்பி, அன்னிக்கு ராத்திரி உனக்கு என்ன தெரியும்? பெட்ட தள்ளிக்கிட்டு ஓடுனாங்க. முழு மயக்கம் குடுத்துட்டாங்க. நான் முழிச்சப்ப பிள்ளைக்கு மூணு மணி நேரம் வயசு. அது அழுத முதல் சத்தத்த மாமாகூடக் கேக்கல, வெளிய நிக்க வச்சிட்டாங்க. எனக்கு ரெண்டு போதும். இந்தத் தடவ நான் முழிச்சிருக்கணும். அவ்ளோதான்."

என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமே இல்லை. வேறொரு பெண் இதே எண்களை வைத்து மறுபக்கம் போகலாம். மூன்றாவது பிள்ளை வேண்டும், சீக்கிரம் எழுந்து நடக்கவேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஒருமுறையாவது தானாகப் பெறவேண்டும் என்ற ஆசை, எதுவாகவும் இருக்கலாம். அதுவும் சரிதான். டாக்டர் 'ரெண்டும் சரி' என்று சொன்னதற்கு அர்த்தம் இப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. 1916இல் யாரும் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. தைக்கத் தெரிந்து, வெட்டு கீழே இறங்கி, ரத்தமும் மருந்தும் கைக்கெட்டிய பிறகுதான் இரண்டு சரிகள் ஒரே மேசைக்கு வர முடிந்தது. அப்படி வந்த பிறகும் காப்பீடும் நீதிமன்றமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மாவும் நானும் செய்தோம்.

முப்பத்தொன்பதாம் வாரத்தில் நாள் குறித்து அறுவை நடந்தது. முதுகில் மட்டும் ஊசி. அக்கா விழித்திருந்தாள். மாமா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பெண் குழந்தை. முதல் அழுகையை இரண்டு பேரும் கேட்டார்கள்.

வார்டில் பார்க்கப் போனபோது அம்மாவுக்கு ஒரே பெருமை. "அப்ப நான் சொன்னதுதான சரி? ஒரு தடவ கிழிச்சா..."

"இல்லம்மா. நான் யோசிச்சு கேட்டேன், அதனால கிழிச்சாங்க," என்றாள் அக்கா.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் தாதியிடம் ஆப்பரேஷன் குறிப்பின் ஒரு நகல் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். எதற்கு என்று மாமா கேட்டார். உள்ளே எங்கே வெட்டினார்கள் என்று பெரியம்மாவுக்கு இன்னும் தெரியாது, எனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்றாள். அந்தத் தாள் இப்போது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு அதே கோப்பில் இருக்கிறது.